தின்னக் கொடுத்த இலை: செங்கோட்டைப் புறவாசல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

அத்தை வீட்டுப் புறவாசலில் ஓட்டையில்லாத கறிவேப்பிலைக் கொத்து ஒன்றைப் பறிப்பது இப்போது கொஞ்சம் கஷ்டம். மாமா இதைப் பெருமையாகச் சொல்வார். அத்தை தாளிக்கிற நேரத்தில் புகாராகச் சொல்வார். இரண்டுமே சரிதான்.

வண்ணத்துப்பூச்சியும் குருவியும் வீட்டைத் தேடி வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் நர்சரிக்குப் போய்ப் பூச்செடி வாங்குகிறார்கள், ஒரு தண்ணீர்ச் சட்டி வைக்கிறார்கள், கம்பு வாங்கித் தூவுகிறார்கள், இரண்டு மூன்று மாதத்தில் புறாவும் காக்காயும் மட்டும் மிஞ்சச் சலித்துப்போகிறார்கள். இந்த வீட்டிலும் முதல் வருடம் அப்படித்தான் போனது. அதற்கப்புறம் மாறியது எதனால் என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் எழுதி வைக்கிறேன். என் கட்சி இதுதான்: பூவுக்கு வருவது விருந்தாளி, இலைக்கு வருவதுதான் குடித்தனம். இலையைத் தின்னக் கொடுக்க மனசில்லாதவர்கள் இந்த வேலையில் இறங்கவேண்டாம், பூந்தொட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம், அதில் தப்பு ஒன்றுமில்லை.

இடமும் காற்றும்

வீடு செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற பக்கம். மொத்தம் ஆறு சென்ட், அதில் வீடும் முன்பக்கத்து சிமெண்டுத் தளமும் போக மிச்சம் பாதிக்கும் குறைவு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. அந்தத் தொடர்பில் பாதிச் சொந்தக்காரர்கள் இன்னும் புனலூர்ப் பக்கம் இருக்கிறார்கள், காதுகுத்துக்கு வந்தாலும் கையில் ஒரு செடி இல்லாமல் வரமாட்டார்கள். அந்தப் பழக்கம் இந்தக் கதையில் பெரிய உதவி.

அதைவிடப் பெரிய விஷயம் காற்று. தெற்கே அகத்தியமலை, வடக்கே பெரியாறு மலைகள், நடுவில் ஆரியங்காவுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய் என்பதும் இதுதான். தமிழ்நாட்டில் பாலக்காடு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டை என்று காற்றாலைக்குப் பேர்போன கணவாய்களில் இதுவும் ஒன்று. ஆனி, ஆடியில் கேரளாவில் கொட்டுகிற மழை மலையைத் தாண்டும்போது இங்கே சாரலாக மெலிந்து வரும், கூடவே தென்னை ஓலையைப் பிய்க்கிற காற்றும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை தனிக்கணக்கு. அதாவது வருடத்தில் இரண்டு தடவை செடி தளிர் விடும், இரண்டு தடவை பூச்சி முட்டையிட இளந்தளிர் கிடைக்கும்; இது சாத்தூர்க்காரருக்கோ விளாத்திகுளத்துக்காரருக்கோ கிடைக்காத அதிர்ஷ்டம். ஆனால் காற்று அடிக்கிற இடத்தில் வண்ணத்துப்பூச்சி நிற்காது. அதன் உடம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது, வெயிலில் இறக்கையை விரித்துக் காய்ந்தால்தான் பறக்கவே முடியும், காற்று மறைவும் வெயிலும் ஒரே இடத்தில் வேண்டும். அதனால் மாமா உருப்படியாகச் செய்த முதல் வேலை மேற்கு ஓரத்தில் வேலி போட்டதுதான்: கிளுவைக் குச்சி, நடுநடுவே ஆடாதோடை, செம்பருத்தி. இரண்டு மழைக்குள் ஆள் உயரம் வந்துவிட்டது. காம்பவுண்டுச் சுவர் கட்டலாமே என்று மகன் கேட்டான். சுவர் காற்றைத் தடுக்கும்தான், ஆனால் ஏறி அந்தப் பக்கம் சுழன்று விழும்; வேலி காற்றைச் சலித்து அனுப்பும். செலவும் கிடையாது.

முன்னால் என்ன இருந்தது

இரண்டு தென்னை, ஒரு முருங்கை, ஒரு நாட்டு எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை, வலை போட்டு மூடிய கிணறு, அங்கணத் தண்ணீர் போய் விழுகிற வாழைக்கூட்டம். மீதி எல்லாம் காலையும் மாலையும் பெருக்கிப் பெருக்கிக் கெட்டித்துப்போன வெறும் தரை. அதில் பேவர் பிளாக் போடலாம் என்று பேச்சு வந்தபோதுதான் ரயில்வேயில் ஓய்வு பெற்று வந்திருந்த மாமா, "ஒரு வருஷம் என் கையில விடுங்க" என்றார்.

அமெரிக்காவில் தேசிய வனவிலங்குக் கூட்டமைப்பு என்ற அமைப்பு 1973-லிருந்து இப்படிப்பட்ட வீட்டுத் தோட்டங்களுக்குச் சான்றிதழ் கொடுத்துவருகிறது. அவர்கள் பார்ப்பது உணவு, தண்ணீர், ஒளிந்துகொள்ள இடம், குஞ்சு வளர்க்க இடம், அப்புறம் மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காத பராமரிப்பு. இந்தப் பட்டியலை நான்தான் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "இதெல்லாம் எங்க அப்பா காலத்துப் புறவாசல்ல இருந்ததுதான மருமகனே, நாமதான பெருக்கித் தள்ளிட்டோம்" என்றார். அது பாதி உண்மை. பழைய புறவாசலில் குப்பைமேடு இருந்தது, வேலி இருந்தது, தொழுவம் இருந்தது. ஆனால் கவண் வைத்துக்கொண்டு திரிந்த பையன்களும் இருந்தார்கள்.

இலைக் கணக்கு

எலுமிச்சையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் சண்டை அதில்தான். எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை வகையறாவில்தான் முட்டையிடும். பெண்பூச்சி வந்து இலையை முன்னங்காலால் தட்டித் தட்டிப் பார்க்கும், காலால்தான் ருசி தெரியும் அதற்கு, சரியான செடிதான் என்று தெரிந்தால் தளிரில் ஒரு முட்டை வைத்துவிட்டு அடுத்த கிளைக்குப் போகும். மூன்று நான்கு நாளில் புழு வரும். சின்னப் புழு அச்சு அசலாகக் குருவி எச்சம் மாதிரி கருப்பும் வெள்ளையுமாக இருக்கும், யாரும் தொடமாட்டார்கள் என்பதே அதன் தந்திரம். வளர்ந்ததும் தோலை உரித்துப் பச்சையாகிவிடும், இலையோடு இலையாகத் தெரியாது. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல ஒன்றை நீட்டும், கெட்ட வாடை அடிக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தின்னும், அப்புறம் நூல் கட்டித் தொங்கிக் கூட்டுப்புழுவாகும். கூட்டின் நிறம்கூட இருக்கிற இடத்தைப் பொறுத்துப் பச்சையாகவோ பழுப்பாகவோ மாறும்.

அந்தக் கூட்டிலிருந்து ஒரு வாரம் பத்து நாளில் பூச்சி வெளியே வருவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதற்கு முன்னால் உள்ள இரண்டு வாரத்தைப் பொறுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். வேப்பெண்ணெய் அடிக்கட்டுமா, அது இயற்கைதானே என்று கேட்கிறார்கள். இயற்கைதான். வேம்பில் உள்ள சரக்கு புழுவைத் தோலுரிக்கவிடாமல் செய்து கொல்லும், எந்தப் புழு என்று பார்க்காது.

அத்தையோடு எட்டிய சமரசம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கறிவேப்பிலைக்கு வேரிலிருந்து பக்கக்கன்று தாராளமாக வரும். அதில் மூன்றைப் பெயர்த்து வேலியோரம் வைத்தார்கள், அது புழுவுக்கு. சமையலறைப் பக்கத்துத் தாய்ச்செடிக்குத் தளிர் விடும் பருவத்தில் மட்டும் பழைய கொசுவலையைச் சுற்றி வைத்தார்கள், அது அத்தைக்கு. தாய்ச்செடியில் புழு தப்பித்தவறி வந்தால் நசுக்காமல் கொத்தோடு ஒடித்து வேலியோரச் செடியில் கொண்டுபோய் மாட்டிவிடவேண்டும் என்பது ஒப்பந்தம். அத்தை அதைப் பெரும்பாலும் மதிக்கிறார். எலுமிச்சைக்கு வலை தேவைப்படவில்லை. வளர்ந்த மரம் எவ்வளவு தின்றாலும் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும், காய்ப்பில் குறை வரவில்லை. ஆனால் முழங்கால் உயரக் கன்று என்றால் கதை வேறு, நாலு புழு சேர்ந்தால் குச்சிதான் மிஞ்சும்.

எருக்குக்கு அத்தை முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "எருக்கு முளைச்ச வீடுன்னு ஊர்ல சொல்லவா?" என்று ஒரே வார்த்தை. நியாயம்தான், அதைச் சாபமாகச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர். ஆனால் வெந்தய வரியன் என்கிற அந்த ஆரஞ்சு நிறப் பூச்சிக்கு எருக்கு இனம்தான் சோறு. கடைசியில் வெள்ளெருக்கு வந்தது. பிள்ளையாருக்கு உகந்தது, யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, பூச்சிக்கோ பூ வெள்ளையா ஊதாவா என்பது ஒரு பொருட்டே இல்லை, அது தின்பது இலையை. எருக்கம்பாலில் உள்ள விஷத்தைப் புழு உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்ளும், பெரிய பூச்சியானபிறகும் அது போகாது, குருவிகள் ஒரு தடவை கொத்திப் பார்த்துவிட்டு அடுத்த தடவை விட்டுவிடும். அதனால்தான் அது அவ்வளவு சாவகாசமாகப் பறக்கிறது. பால் கண்ணில் படக்கூடாது என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கவேண்டும்.

புனலூரிலிருந்து வந்தது ஈஸ்வரமூலி. அங்கே கருடக்கொடி என்பார்கள். கருப்பு இறக்கையும் சிவந்த உடம்புமாக இருக்கிற ரோஜா அழகி இந்தக் கொடிக் குடும்பத்தை விட்டால் வேறெங்கும் முட்டையிடாது. நட்ட வருடம் ஒன்றும் வரவில்லை. அடுத்த சாரலுக்குக் கொடி வேலியில் ஏறி மூடியது, அப்புறம் ஒரு நாள் பார்த்தால் முள்முள்ளாக, கருஞ்சிவப்பில், இலை முழுக்கப் புழு. இதற்குப் பின்னால் ஒரு சுவையான சங்கதி உண்டு. கறிவேப்பிலை தின்று வளரும் இன்னொரு அழகி இருக்கிறது, அதற்கு விஷம் கிடையாது. ஆனால் அதன் பெண்பூச்சிகளில் ஒரு வகை ரோஜா அழகியைப் பார்த்து வேஷம் போட்டதுபோல அதே சிவப்புப் புள்ளிகளோடு இருக்கும். விஷமுள்ளது பக்கத்தில் இருந்தால்தான் வேஷம் போட்டதற்குப் பலன். இந்த வேலியில் இப்போது இரண்டும் பறக்கின்றன. வித்தியாசம் தெரிய உடம்பைப் பாருங்கள், சிவப்பு உடம்பென்றால் அசல், கருப்பு உடம்பென்றால் வேஷம்.

ஒரு எச்சரிக்கை. ஈஸ்வரமூலி நாட்டு மருந்தில் பேர்போனது, யாராவது வேரைக் கேட்டு வருவார்கள். கொடுக்காதீர்கள். இந்தக் குடும்பத்துச் செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதும் புற்றுநோய் வரவைப்பதும் உறுதியாகத் தெரிந்த விஷயம். அதேபோல, இதற்குப் பதிலாக நர்சரியில் அழகுக்கு விற்கிற, பெரிய பூ வைக்கிற வெளிநாட்டுக் கொடியை வாங்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பறவைச்சிறகு என்ற பெரிய வண்ணத்துப்பூச்சி அப்படித் தோட்டத்திலிருந்து காட்டுக்குப் பரவிய தென்னமெரிக்கக் கொடியில் ஏமாந்து முட்டையிட்டது, பொரித்த புழுக்கள் இலையைத் தின்று செத்தன. பூச்சிக்கு மணம் ஒன்றாகத் தெரிகிறது, புழுவின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

மற்றவை சுருக்கமாக. ஆவாரையும் தகரையும் மஞ்சள் பூச்சிகளுக்கு. அரளி, கருப்பு இறக்கையில் வெண்புள்ளி வைத்த பூச்சிக்கு. தேனுக்கு இட்லிப்பூ, தரையோடு படர்கிற வெட்டுக்காயப் பூண்டு, புனலூர்க் கொடையான கிருஷ்ணகிரீடம். உண்ணிச்செடிக்கு எக்கச்சக்கமாகப் பூச்சி வரும் என்பது உண்மை, ஆனாலும் மாமா வைக்கவில்லை, மலையடிவாரம் முழுக்க அது ஏற்கெனவே காட்டை அமுக்கிக்கொண்டிருக்கிறது, குருவி விதையைத் தின்று இன்னும் பரப்பும்.

கிலுகிலுப்பை தனியாகச் சொல்லவேண்டியது. மேற்கு மலைக்கும் கிழக்குச் சமவெளிக்கும் நடுவே வருடா வருடம் நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் என்ற வண்ணத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக இடம் மாறும். தென்மேற்கு மழைக்கு முன்னால் கிழக்கே, ஐப்பசி கார்த்திகை வாக்கில் திரும்ப மேற்கே. வழியில் ஆண்பூச்சிகள் கிலுகிலுப்பையையும் தேள்கொடுக்குச் செடியையும் தேடி, வாடிய இலையைச் சுரண்டிச் சாறு உறிஞ்சும். தேனுக்காக இல்லை, அதில் உள்ள ஒரு சரக்கிலிருந்துதான் பெண்ணை மயக்கும் மணத்தை அவை தயாரிக்கின்றன. நாலு கிலுகிலுப்பைச் செடியில் இலை தெரியாமல் பூச்சி அப்பியிருந்ததை நானே பார்த்தேன். தெருவே வந்து போட்டோ எடுத்தது. எதிர்ப்புகள் குறைந்தது அன்றிலிருந்துதான் என்று நினைக்கிறேன்.

அங்கணத் தண்ணீர் தேங்கி ஈரமாக இருக்கும் வாழையடி மண்ணிலும் பூச்சி உட்காரும். பெரும்பாலும் ஆண்கள்தான், உப்புக்காக. இணைசேரும்போது அந்த உப்பு பெண்ணுக்குப் போய் முட்டைக்கு உதவுகிறது. மாமா அங்கே ஒரு பிடி கல்லுப்பு போட்டுப் பார்த்தார், வாழை வாடியது, நிறுத்திவிட்டார். சும்மா ஈரமே போதும்.

குருவி

தானியம் தூவியதில் வந்தவை புறா, காக்காய், எலி. எலிக்குப் பின்னால் சாரைப்பாம்பு. தானியத்தை நிறுத்தியதும் எலி குறைந்தது, பாம்பும் குறைந்தது. அமாவாசைக்குக் காக்காய்க்கு வைக்கும் சோறு தொடர்கிறது, அதில் கைவைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

சரி, தானியம் இல்லாமல் குருவி எதற்கு வரும்? புழுவுக்கு வரும். தையல்சிட்டு, தேன்சிட்டு, சின்னான், மைனா எல்லாமே குஞ்சுக்கு ஊட்டுவது புழுவும் சிலந்தியும் பூச்சியும்தான். தேன் குடிக்கிற தேன்சிட்டுகூட குஞ்சுக்குத் தேன் மட்டும் கொடுத்து வளர்க்க முடியாது, சதை பிடிக்கப் புரதம் வேண்டும். ஆக இலையைத் தின்கிற புழுதான் இந்தத் தோட்டத்தின் அரிசி மூட்டை. வருகிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: குருவி புழுவைத் தின்றுவிட்டால் வண்ணத்துப்பூச்சி எங்கே வரும்? பெரும்பாலான புழு தின்னப்படத்தான் செய்கிறது, குளவியும் ஈயும் வேறு புழுவின் உடம்பிலேயே முட்டை வைத்து முடித்துவிடுகின்றன. தப்புகிற சிலது போதும், அதற்காகத்தான் ஒவ்வொரு பெண்பூச்சியும் அத்தனை முட்டை வைக்கிறது. புழுவை எடுத்து பாட்டிலில் அடைத்துக் "காப்பாற்றுகிற" பழக்கம் எனக்கு ஒப்பாது. பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றிரண்டு வளர்க்கலாம், அதற்குமேல் குருவியின் வாய்ச்சோற்றைப் பிடுங்குகிற வேலைதான்.

கம்பளிப்புழு மட்டும் விதிவிலக்கு. மழைக்காலத்தில் முருங்கைத் தண்டில் அப்பிக்கொண்டு கிடக்கும், பட்டால் உடம்பு தடித்து அரிக்கும், இதற்குத் தீப்பந்தம்தான் என்று அத்தை சொன்னதை மாமா எதிர்க்கவில்லை. செம்போத்தும் சுடலைக்குயிலும் மயிருள்ள புழுவையும் தின்னும் என்பது உண்மை, ஆனால் அவை வந்து தின்று முடிக்கிறவரை துணி காயப்போடாமல் இருக்க முடியாது.

பெருக்குவதைத் தரையில் பாதியோடு நிறுத்தியதுதான் குருவிகளுக்குச் செய்த பெரிய உபகாரம். தென்னைக்கும் வேலிக்கும் நடுவே சருகு கிடக்க விட்டார்கள். முதலில் வந்தது தவிட்டுக்குருவிக் கூட்டம், சருகைப் புரட்டிப் புரட்டி ஒரே கூச்சல். அடுத்த ஐப்பசியில் ஆறுமணிக்குருவி வந்தது. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை, பல வண்ணத்தில், வால் குட்டையாக, தரையிலேயே திரியும். விடியும் நேரமும் பொழுது சாயும் நேரமும் இரண்டு சீழ்க்கை. காட்டுக்குள்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம். சருகும் நிழலும் போதும் போலிருக்கிறது. பங்குனி சித்திரையில் கிளம்பிவிடும்.

முருங்கையில் பட்டுப்போன ஒரு கிளையை வெட்டாமல் விட்டதில் குக்குறுவான் பொந்து குடைந்தது. துணி காயப்போடும் கொடிக்கயிற்றின் ஒரு முனையில் தேன்சிட்டு கூடு கட்டியது; சிலந்தி நூலில் நாரும் சருகும் கோத்து, வாசலுக்கு மேலே சின்ன இறவாரம்கூட வைத்து. அந்த முனை குஞ்சு பறக்கும்வரை துணிக்குக் கிடையாது என்று அத்தையே உத்தரவு போட்டார். சிலந்தி வலையை ஒட்டடைக்குச்சியால் அடிக்காமல் விட்ட வீட்டில்தான் தேன்சிட்டுக்கும் தையல்சிட்டுக்கும் கூடு கட்ட நூல் கிடைக்கும், இதை யாரும் யோசிப்பதில்லை.

சிட்டுக்குருவிக்கு மரப்பெட்டி வாங்கி மாட்டினார்கள். அணில் குடியேறியது. பழைய பலசரக்குக் கடைகள் இருக்கிற பஜார் பக்கம் குருவி இருக்கிறது, இந்தத் தெருவில் இல்லை, இல்லாத இடத்தில் பெட்டி மாட்டி வரவழைக்க முடியாது.

தண்ணீர்

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் அகலமான மண்தட்டு, இரண்டு விரற்கடை ஆழம், நடுவில் ஒரு சொரசொரப்பான கல். ஆழமாக வைத்தால் சின்னக் குருவி இறங்காது. இடம்தான் முக்கியம்: சுற்றிலும் இரண்டு மூன்று எட்டு வெட்டவெளி, பூனை பதுங்க முடியாதபடி, அதற்கப்புறம் பாய்ந்து ஏறிக்கொள்ள ஒரு புதர்.

கொசுப்புழு பார்க்க வருகிற அம்மா முதல் தடவை தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போனார். அவர் செய்தது சரி. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும், அதனால் தினமும் தண்ணீரைக் கொட்டி மாற்றவேண்டும். கொட்டினால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் தேய்க்கவேண்டும், ஏனென்றால் டெங்கு கொசுவின் முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தினமும் தேய்க்க ஆள் இல்லாத வீட்டில் தட்டு வைக்காமலிருப்பதே நல்லது.

பக்கத்து வீட்டுக் கட்சி

"அண்ணாச்சி, இப்படிப் புதரா விட்டீங்கன்னா பாம்பு வந்துரும்லா?" பக்கத்து வீட்டிலிருந்து இது வந்தது, ஒரு தடவை இல்லை. வெறும் பயம் என்று தள்ளக்கூடாது. மலையடிவார ஊர், விறகுக்கட்டுக்குள் விரியன் கிடந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிற தெரு. மாமா செய்தது: வீட்டுச் சுவரை ஒட்டிப் பத்தடிக்குச் சுத்தமான தரை, சருகும் புதரும் அதற்கு அப்பால் மட்டும், விறகும் ஓலையும் தரையில் குவிக்காமல் கல்மேல் அடுக்கு, இரவில் டார்ச் இல்லாமல் புறவாசலில் கால்வைக்கக்கூடாது. கூடவே, ஈஸ்வரமூலி இருந்தால் பாம்பு அண்டாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அது உண்மையில்லை என்று நான் சொல்லப்போனேன், மாமா கண்ணைக் காட்டி நிறுத்திவிட்டார். இப்போது பக்கத்து வேலியிலும் அந்தக் கொடி ஏறியிருக்கிறது.

அதே வீட்டு மாமரத்துக்குப் பூக்கும் பருவத்தில் மருந்தடிப்பார்கள். காற்று மேற்கிலிருந்து வந்தால் முழுக்க இந்தப் பக்கம். அடிக்கவேண்டாம் என்று கேட்கவில்லை, அது அவர்கள் வருமானம். அடிக்கிற அன்று முன்னாலேயே சொல்லிவிட்டு, காற்று அடங்கிய சாயங்காலத்தில் அடிக்கிறார்கள், தண்ணீர்த்தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொள்கிறோம். அப்படியும் அந்த வாரம் வேலியில் புழு செத்து விழும். இதற்கு வழி கிடைக்கவில்லை.

மயிலை யாரும் அழைக்கவில்லை, அதுவாக வந்தது. நாற்றையும் கொத்தும், புழுவையும் கொத்தும், ஓணானையும் விடாது. தேசியப் பறவை, சட்டப் பாதுகாப்பு உள்ளது, விரட்டுவதைத் தாண்டி ஒன்றும் செய்ய முடியாது. புதுக் கன்றுகளுக்கு மூங்கில் கூடை கவிழ்த்து வைக்கிறார்கள். குரங்கு வந்தால் அதுவும் உதவாது. வண்ணாத்திக்குருவி ஒன்று பருவம் வந்தால் ஸ்கூட்டர் கண்ணாடியில் தன்னையே எதிரி என்று நினைத்துக் கொத்திக்கொண்டே இருக்கும், கண்ணாடிக்கு மஞ்சப்பை மாட்டினால் தீர்ந்தது.

வராதவை

2019-ல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் வரவில்லை, வராது. அதன் புழு தின்பது மலையோடைக் கரையில் வளர்கிற மரவெட்டி மரத்தை. கேரளத்தின் மாநில வண்ணத்துப்பூச்சியான புத்தமயூரியும் வரவில்லை. மலைக்காட்டுப் பூச்சிகளைப் பார்க்க ஆசையென்றால் கணவாயைத் தாண்டித் தென்மலைக்குப் போகலாம், அங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. நம் மலையின் பெரிய பொன்மஞ்சள் பறவைச்சிறகு மட்டும் சாரல் முடிந்த நாட்களில் தென்னை உயரத்தில் கடந்துபோகிறது.  அதற்கும் ஈஸ்வரமூலிதான் சோறு என்பதால் மாமா நம்பிக்கையை விடவில்லை. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அது கேட்கிற நிழலும் ஈரமும் ஆறு சென்ட்டில் கிடையாது.

கணக்கு வைக்க விரும்புகிறவர்களுக்குப் பொங்கல் சமயத்தில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு நல்ல தொடக்கம், புறவாசலில் நாற்காலி போட்டுக் கால் மணி நேரம் உட்கார்ந்து கண்டதை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். வண்ணத்துப்பூச்சிக்கு 2020-லிருந்து செப்டம்பர் மாதம் ஒதுக்கி நாடு முழுக்கக் கணக்கெடுக்கிறார்கள், சாரலுக்குப் பிந்திய அந்த மாதம் நமக்கு வாகான மாதமும்கூட.

இந்தப் பக்கம் புதிதாகத் தொடங்குகிறவர்கள் வேலிக் குச்சியைச் சித்திரைக் கடைசியில் ஊன்றிவிடுங்கள், சாரல் பிடித்துக்கொள்ளும். கொடிகளையும் எலுமிச்சைக் கன்றையும் ஐப்பசிக்கு வையுங்கள், ஆடிக்காற்றில் வைத்தால் நிற்காது. வேலியைக் கவாத்து செய்வதை மாசி வரைக்கும் தள்ளிப்போடுங்கள், அதிலும் ஒரு வருடம் ஒரு பாதி, அடுத்த வருடம் மறு பாதி, ஏனென்றால் கூட்டுப்புழு எந்தக் குச்சியில் தொங்குகிறது என்று வெட்டுகிறவருக்குத் தெரியாது. ஈஸ்வரமூலி விதை வேண்டுமென்றால் காய் வெடிக்கிற பருவத்தில் புளியரைப் பக்கம் வந்து கேளுங்கள், அத்தை கொடுப்பார், கறிவேப்பிலை மட்டும் கேட்காதீர்கள்.